உப்புக் கரித்த காரை

எழுபதுகளின் கடைசியில், முதலியார்பேட்டையில் நாங்கள் கட்டிய வீட்டின் மேல்தளம் சில வருடங்களிலேயே இடிந்து விழுந்ததில் என் தங்கை இறந்துபோனாள். காண்டிராக்டர் மேல் வழக்குப் போட ஒரு வக்கீலிடம் போனோம். கட்டட வழக்குகளை மட்டுமே எடுப்பவர்; ஒல்லியான உருவம், நரைத்த புருவம்.

வீட்டைப் பார்க்க வந்தவர் நகத்தால் சுவர்க் காரையைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டார்.

"கடல் மணலுங்க. கரிக்குது. உள்ள இருக்கற கம்பிய உப்பு தின்னுருக்கும்."

துப்புவார் என்று பார்த்தேன். விழுங்கிவிட்டார். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அப்படித்தான் என்றார் அவருடைய குமாஸ்தா.

வழக்கு ஜெயித்த அன்று கோர்ட்டு வாசலில் அப்பா கைகூப்பியபடி கேட்டார்: "சட்டம் படிச்சவரு நீங்க. மணல் ருசி எப்படிங்க தெரிஞ்சுது?"

"அதுக்கு முன்னாடி நான் இன்ஜினியருங்க. ஒரு பள்ளிக்கூடம் கட்டுனப்பவும் ருசி பாத்தேன். கரிச்சுது. தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். ஒரு மழையில இடிஞ்சு, புள்ளைங்க மேலயே விழுந்துடுச்சு."

"உங்க மேல கேஸு போடலீங்களா?"

"யாருமே போடலீங்க. இடிபாட்டுல நின்னு புள்ளைங்கள வெளிய எடுத்துக் குடுத்தேன்ல, அதுக்குக் கும்பிட்டுட்டுப் போனாங்க."

கூப்பிய கைகளை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்பா நின்றார். எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.