ஒரு பெட்டி சாக்பீஸும் பழைய பிளாக்கும்

போன வாரம் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர், வேலை முடிந்ததும் ஒரு டப்பாவில் மண்ணெண்ணெயை ஊற்றி பிரஷ்ஷைக் கழுவினார். "இது இன்னும் எங்கய்யா கெடைக்குது?" என்று கேட்டேன். "எப்பவோ வாங்கி வெச்சது டீச்சர்" என்றார். அந்த வாசனையில் எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்துவிட்டது. சிலருக்கு மல்லிகைப்பூ வாசனையில் புருஷன் ஞாபகம் வருமாம். லாரிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டால் இப்படித்தான்.

கல்யாணத்துக்கு முன்பு அவர் வடநாட்டுக்கு லைன் வண்டி ஓட்டியவர். போனால் ஒரு மாதம், சில சமயம் இரண்டு மாதம். அப்படிப்பட்டவருக்குப் பெண் கொடுக்க எங்கள் வீட்டில் யோசித்தார்கள். அதற்காகவே ஒரு பழைய லாரியை வாங்கினார். செஞ்சியைச் சுற்றி நெல் மூட்டை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டை. காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடலாம்.

கல்யாணமான எட்டாவது மாதமே லாரி படுத்துவிட்டது. பனமலைக்கு நெல் ஏற்றப் போனவர், இன்ஜின் கொதிக்கிறதே என்று ஏரித் தண்ணீரைக் குடத்தில் மொண்டுவந்து அப்படியே ஊற்றிவிட்டார். சூட்டில் இருந்த பிளாக் விரிசல் விட்டது. இன்ஜினுக்கு உடம்பே அதுதான். பன்னிரண்டு வருஷம் வண்டி ஓட்டியவர் செய்கிற காரியமா?

"கொஞ்சம் ஆறட்டும்னு நிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நின்னா இருட்டிப் போயிடும். நீ ஒண்டியா இருப்பியேன்னுதான்" என்றார்.

புது பிளாக் எங்கள் சக்திக்கு ஆகாது. பழசிலும் ஒன்றுதான் வாங்க முடியும். அதுவும் ஓட்டையாகப் போனால் லாரியை எடைக்குப் போட்டுவிட்டு, மறுபடியும் லைன் வண்டிதான். பழைய முதலாளி அதற்குள் இரண்டு முறை ஆள் அனுப்பியிருந்தார்.

எங்கள் வண்டிக்கு வேலை பார்க்கும் மிஸ்திரி காய்ச்சலில் படுத்திருந்தார். படுத்தபடியே வழி சொன்னார். "மண்ணெண்ணெய தடவு. நல்லா தொடச்சிட்டு சாக்பீஸ் பூசு. விரிசல் இருந்தா உள்ள போன எண்ணெ கசிஞ்சு வந்து கோடு காட்டிடும்."

அப்போது நான் வல்லம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இவர் என்னிடம் இரண்டு சாக்பீஸ் கேட்டார். அது சர்க்கார் சொத்து என்று சொல்லி, கடையில் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு நானும் கூடவே கிளம்பினேன். அந்த வயதில் எனக்கு நேர்மை கொஞ்சம் அதிகம்.

பழைய லாரிச் சாமான் கடை திண்டிவனம் ரோட்டில் இருந்தது. ஆயுத பூஜை முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. கிடந்த இரும்புக்கெல்லாம் சந்தனம், குங்குமம். அதில் கழுவித் துடைத்து வைத்திருந்த ஒரு பிளாக் இவருக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. சுற்றிச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். பெண் பார்க்க வந்தபோது என்னைக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

மண்ணெண்ணெய் தடவித் துடைத்து சாக்பீஸ் பூசினோம். எங்கும் கோடு இல்லை. பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருந்த சந்தனப் பொட்டை மட்டும் விட்டிருந்தோம்.

"அதையும் எடுத்துட்டுப் பாக்கலாங்க" என்றேன்.

"வுடு டீச்சரு, பூஜ போட்டதுல கை வெக்கக் கூடாது" என்றார் இவர்.

கடைக்காரரும் சொன்னார். "பொட்ட அழிக்காதம்மா. நீயே தாலி கட்டிக்கினு கொஞ்ச நாளுதான் ஆவுது."

எனக்கும் பயம்தான். என் அம்மா அங்கே இருந்திருந்தால் கையிலேயே ஒன்று போட்டிருப்பாள். ஆனால் லைன் டிரைவர் வீட்டுப் பெண்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதை எங்கள் தெருவில் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். திரும்பவும் மண்ணெண்ணெய், துணி, சாக்பீஸ். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு ஈரக்கோடு மெதுவாகத் தெரிந்தது.

"சத்தியமா எனக்கே தெரியாதும்மா. எங்க வூட்ல எடம் பாத்தா பொட்டு வெப்பாங்க?" என்றார் கடைக்காரர். நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஷெட்டுக்குப் பின்னால் கிரீஸும் மண்ணுமாகக் கிடந்த இன்னொன்றை அவரே காட்டினார். அதைச் சுரண்டிக் கழுவவே ஒரு மணி நேரம் ஆயிற்று. மிச்சமிருந்த சாக்பீஸையெல்லாம் அதற்கே தேய்த்தேன். கோடு வரவில்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தார். "அழிக்கும்போது பயமா இல்லியாடி?" என்று கேட்டார்.

"நீங்க போயிடுவீங்கன்னுதான் பயம்" என்றேன். டீயைக் குடிக்காமல் கோட்டை மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். புதிதாகப் பார்க்கிற மாதிரி.

அந்த பிளாக்கோடு லாரி பதினாலு வருஷம் ஓடியது. அடுத்து வாங்கிய வண்டியும் உள்ளூர் ஓட்டம்தான். இப்போது அந்த மாதிரி லாரியை ரோட்டில் பார்க்க முடியவில்லை. சாமான் கடை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. ரேஷனில் மண்ணெண்ணெய் நின்று எவ்வளவோ நாளாகிவிட்டது. இவர் போயும் இரண்டு வருஷம் ஆகிறது.

துக்கம் கேட்க வந்தவர்களில் ஒரு லைன் டிரைவரின் மனைவியும் இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "போகப் போகப் பழகிடும் டீச்சர், எனக்குப் பழகலியா?" என்றாள். அவள் புருஷன் இருந்தபோதே வருஷத்தில் பத்து மாதம் தனியாக இருந்து பழகியவள். எனக்கு முப்பத்தேழு வருஷத்தில் இவர் வீடு திரும்பாத சாயங்காலம் ஒன்றுகூட இருந்ததில்லை. நான் எதை வைத்துப் பழகுவது?