சிவப்பு வாளித் தண்ணீர்

இரண்டாம் உலக யுத்தம் நடந்த வருஷங்களில் தூத்துக்குடியில் எனக்குக் கொசு ஒழிக்கும் உத்தியோகம். துறைமுகத்தை அடுத்த தெருக்களில் மூட்டெல்லாம் முடக்கும் காய்ச்சல் பரவியிருந்தது. தேங்கிய தண்ணீரைக் கண்டால் கொட்டிவிட வேண்டும் என்பது உத்தரவு. நானும் வீடு வீடாகப் போய்க் கொட்டினேன்.

உப்பளத்தில் வேலை செய்த அந்தோணியம்மாள் வீட்டில் மகள் காய்ச்சலில் கிடந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். குனிந்துகூடப் பார்க்காமல் அதைக் கவிழ்த்தேன்.

அந்தோணியம்மாள் அழவில்லை. "விடியுமுன்ன நடந்துபோய் சொமந்துட்டு வந்த தண்ணிய்யா இது. பொழுது சாயுமுன்ன தீந்துபோவும். இதுல எப்படிய்யா புழு வளரும்? அங்கன பாருங்க" என்று தெருவைக் காட்டினாள்.

குண்டு விழுந்தால் தீயை அணைக்க, தெருமுனையில் சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கின. அவற்றை யாரும் தொடக்கூடாது. குறையக் குறைய ஊற்றி நிரப்பி வைப்பதும் என் வேலைதான், ஒருநாளும் கவிழ்த்ததில்லை. எட்டிப் பார்த்தேன். வாளிக்கு வாளி புழு நெளிந்தது.

எல்லாவற்றையும் கொட்டித் தேய்த்துக் கழுவினேன். மறுநாள் காலையில் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகளுக்கு ரத்தம் நின்றிருந்தது. அந்தோணியம்மாள் குடத்தை வாங்கி, வெயிலில் சாய்த்து, உள்ளே உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுபோனாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. முந்தின நாள் நான் செய்யாமல் விட்ட வேலை அது.