ஓரகத்தியின் பெரிய வாய்

என் மூத்த ஓரகத்திக்குப் பெரிய வாய். பேசினால் எங்கள் நெசவுப்பேட்டை பிள்ளையார்பாளையம் முழுக்கக் கேட்கும். அதனாலேயே முன்பெல்லாம் எனக்கு அவளைப் பிடிக்காது.

1970-களின் தொடக்கம். குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வேறு துணையில்லாமல் அவளிடம் சொல்லி, அவளையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ஆண். கூச்சத்தில், "நெஞ்சுல ஒரு மாதிரியா இருக்குது" என்றேன். அவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு இருமல் மருந்து எழுதினார்.

ஓரகத்தி கத்தினாள்: "நெஞ்சு இல்ல டாக்டரே, மாருல கட்டி! சொல்ல வெட்கப்படுறா!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

சோதித்ததில் கெட்ட கட்டிதான், புற்று. சின்னதாக இருக்கும்போதே எடுத்ததால் பிழைத்தேன்.

இன்றும் மாசம் ஒருதரம், தறிச் சத்தத்தையும் மீறி ஓரகத்தி அக்காவின் குரல் வரும்: "இன்னாமே, மாரைத் தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்கா, ஒண்ணும் இல்ல!"

தெருவுக்கே கேட்கும்படி நானும் கத்துவேன்.