வாசிக்க முடியாத உயரம்

டனிஸ்ரன் மொன்றியல் துறைமுகத்தில் லொறி ஓட்டிக்கொண்டே விமானம் ஓட்டப் படித்தவன். சிறிய ஜெட் விமானமொன்றில் துணை விமானியாகச் சேர்ந்த அன்று, அவன் மனைவி சிவாஜினி அவர்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் லட்டுக் கொடுத்தாள்.

நாற்பதைத் தாண்டியதும் கண் பழுதாகத் தொடங்கியது. எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு சாம்பல் பொட்டு. டாக்டரிடம் போனால் பறக்கும் அனுமதி போய்விடுமென்று பயந்தான். விமானியறைத் திரையில் வேகமும் உயரமும் எண்களாக ஓடும். தலையைச் சற்றுத் திருப்பி, கடைக்கண்ணால் அவற்றை வாசிக்கப் பழகிக்கொண்டான். சிவாஜினிக்கும் சொல்லவில்லை.

மாசி மாதம், பயணிகளுடன் மொன்றியலுக்குத் திரும்பிய ஒருநாள், பனிமேகம் நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. தலைமை விமானி கத்தரின் ஓடுபாதையைத் தேடி வெளியே பார்த்தபடி விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். இறங்க இறங்க உயரத்தை வாசித்துச் சொல்வது டனிஸ்ரனின் வேலை.

"ஆயிரம்" என்றான். அடுத்த எண்ணைப் பொட்டு மூடிவிட்டது. தலையைத் திருப்பினான். எட்டா, ஆறா? நடுவிலிருந்த மாற்று உயரமானியைப் பார்த்தான். அதுவும் கலங்கல். ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிடலாமென்று நாக்கு நுனிவரை வந்தது.

"டனி, உயரம் என்ன?"

"தெரியேல்லை" என்று தமிழில்தான் வாயில் வந்தது. பிறகு பிரெஞ்சில் கத்தினான்: "எனக்கு எண் தெரியவில்லை! மேலே போ!"

கத்தரின் உடனே விசையை முன்னே தள்ளி விமானத்தை ஏற்றினாள். வானம் தெளிவாக இருந்த ஒட்டாவாவில் தனியாகவே இறக்கினாள். இயந்திரங்கள் அடங்கியதும் அவன் பக்கம் திரும்பினாள்.

"எப்போதிருந்து?"

"கோடையிலிருந்து."

"பின்னால் ஆட்களை வைத்துக்கொண்டா, டனி?" என்றாள். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

வீட்டுக்கு வந்தவன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"ஏன் இப்பிடிப் பாக்கிறியள்?" என்றாள் சிவாஜினி.

"உம்மட முகம் எனக்குச் சரியாத் தெரியேல்லை."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். "எனக்கும் ஒளிச்சுப்போட்டியளே. ஏதும் நடந்திருந்தா?"

விழித்திரை இனித் தேறாது என்றார் டாக்டர். பறக்கும் அனுமதி போயிற்று.

"லொறியும் ஓட்டேலாது. நான் இனி என்ன செய்யிறது?" என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்டான்.  பல கிழமைகளாகியும் அவள் கோபம் தணியவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில், மெட்ரோ நிலையப் படிகளில், அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.