என் இடுப்பில் இருந்த ரிவால்வர்

லண்டனில் யாரும் வீட்டில் ரிவால்வர் வைத்திருக்க முடியாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், லண்டனின் மிச்சம் என்ற பகுதியில் எங்கள் தேவாலய மண்டபத்தில், ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், சொந்தமாக வைத்திருக்க எந்த ரிவால்வர் திறம் என்று கிழமைக் கணக்கில் சண்டை பிடித்தோம். காரணம் நான்தான்.

கிறிஸ்மஸ் ஒளிவிழா நாடகத்தில் அந்த வருடம் எனக்கு இன்ஸ்பெக்டர் வேடம் கிடைத்திருந்தது. அதற்கு முன் வருடா வருடம் நான் அம்மா. மகன் குடித்தால் அழுவேன், மகள் ஓடிப்போனால் அழுவேன், கடைசியில் எல்லோரும் ஒன்றுசேர்ந்தால் அதற்கும் அழுவேன். அழுது அழுது எனக்கே சலித்துவிட்டது. இன்ஸ்பெக்டராக நடிக்கவிருந்தவர் முழங்கால் ஒப்பரேஷனுக்குப் போய்விட, நாடகத்தை நெறிப்படுத்தும் அண்ணை வேறு ஆள் இல்லாமல் என்னைப் பார்த்தார். அவர் வாய் திறக்குமுன் "ஓம்" என்றேன். காக்கிச் சட்டை போட்டுக் கண்ணாடி முன் நின்றபோது வந்த சந்தோஷம், உண்மையைச் சொன்னால், கலியாணச் சேலையில்கூட வரவில்லை. பயம் ஒன்றுதான். சனம் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அடுத்த வருடம் மறுபடியும் அழுகைதான். ஆகவே ரிவால்வர் நல்லதாக இருக்க வேண்டும்.

அண்ணைக்கு இரும்பில் செய்த கறுப்புச் சாமான் வேண்டும். "பாரம் இருந்தாத்தான் பிள்ளை கை நடிக்கும். பிளாஸ்டிக்கைப் பிடிச்சா கை தன்பாட்டில ஆடும்."

வில்லனாக நடித்தவர் பஸ் ஓட்டுபவர். எதையும் அடித்துப் பேசுவார். "பாரத்தை ஆர் அண்ணை பாக்கப் போகினம்? சத்தம் வேணும். பொட்டு வெடி வைச்சுச் சுடுற விளையாட்டுத் துவக்குத்தான் திறம். ஆறு வெடி வெடிக்கும்."

"ஆறு வெடி என்னத்துக்கு? நீர் ஒரு வெடிக்குப் பயந்துதானே கையைத் தூக்கிறீர்" என்றார் அண்ணை.

"தூக்கிறது நான்தானே. எத்தினை வெடிக்குத் தூக்கிறதெண்டு நான் சொல்லக்கூடாதோ?"

என்னைக் கூட்டிப்போக வந்த மகள் இடையில் புகுந்தாள். "அம்மா, கறுப்புத் துவக்கோட ட்ராம்ல ஏறினா ரியல் இன்ஸ்பெக்டர் வருவார், ஓகே?" என்று சொல்லிவிட்டு, கடையில் பளீர் பச்சையில் ஒன்று வாங்கி வந்தாள். அதை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். வெண்டிக்காயைக் காட்டிக் கள்ளனைப் பிடிப்பதுபோல் இருந்தது.

மண்டபத்தில் தேநீர் ஊற்றும் அக்கா மட்டும் இதில் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "எதையெண்டாலும் வாங்குங்கோ. தேத்தண்ணி ஆறுது" என்பார்.

அடுத்த ஒத்திகைக்குப் பஸ் ஓட்டுபவர் தன் கட்சியை நிரூபிக்க, பொட்டு வெடித் துப்பாக்கி ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். சொல்லாமல் கொள்ளாமல் கூரையைப் பார்த்து ஒரு வெடி விட்டார்.

ஊரில் யுத்த காலத்தைக் கண்டவர்கள் ஒருவரும் அதற்குப் பிறகு நின்றுகொண்டிருக்கவில்லை. நான் மேடைக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தேன். அக்கா தேநீர் மேசைக்குக் கீழே. அண்ணை கையில் பாதி கடித்த மட்டன் ரோல்ஸுடன் தரையில் கிடந்து, "ஒருத்தரும் எழும்பாதேங்கோ!" என்று கத்தினார். சுட்டவரே எங்களுக்கு முந்தி விழுந்து கிடந்தார். இங்கே பிறந்த பிள்ளைகள் மட்டும் நின்ற இடத்தில் நின்று எங்களைப் பார்த்தார்கள்.

"அம்மா, கீழ என்ன செய்யிறீங்க?" என்றாள் மகள்.

முதலில் சிரித்தது சுட்டவர்தான். பிறகு நான். பிறகு கிடந்த கிடையிலேயே எல்லோரும் வயிறு நோகச் சிரித்தோம். மேசைக்குக் கீழே அக்காவும் சிரித்தார். ஆனால் காதைப் பொத்திய கைகளை அவர் எடுக்கவில்லை. அதைக் கண்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

வெடி வேண்டாம் என்று உடனே முடிவாயிற்று. ஆனால் ரிவால்வரை எடுத்து நீட்டத்தான் வேண்டும் என்று அண்ணை ஒற்றைக் காலில் நின்றார். "இன்ஸ்பெக்டர் ரிவால்வர் எடுக்காட்டி அது ஒரு நாடகமே?"

"நானே பாத்து ஒண்டு கொண்டு வாறன்" என்றேன். எடுப்பதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். துப்பாக்கி வெளியே வந்தால், வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும், அக்கா அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டுதான் இருப்பார்.

ஆனால் வெறும் துப்பாக்கி உறை இடுப்பில் சப்பையாகத் தொங்கியது. விழா அன்று நானும் மகளும் அதற்குள் என்னென்னவோ வைத்துப் பார்த்தோம். வெண்டிக்காய்த் துப்பாக்கியை வைத்தால் பச்சைப் பிடி வெளியே தெரிந்தது. டோர்ச் வைத்தால் நீளம். கடைசியில், மண்டபத்துக்காகப் பொரித்த மட்டன் ரோல்ஸில் ஒன்றைத் தாளில் சுற்றி வைத்தோம். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. "மறந்துபோய் எடுத்திடாதீங்க" என்றாள் மகள். எடுத்தால் மானம் போய்விடும். ஆனாலும் எனக்கு மனம் துள்ளியது.

மேடையில் வில்லன் பெட்டியோடு ஓடப் பார்த்தார். நான் முன்னால் வந்து உறைமேல் கையை வைத்தேன். திரைக்குப் பக்கத்தில் நின்ற அண்ணை "எடு, எடு" என்று சைகை காட்டினார். வில்லன் நான் எடுப்பேன் என்று முழித்துக்கொண்டு நின்றார். நான் எடுக்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "கையைத் தூக்கு" என்றேன். பின்வரிசையில் யாரோ செரும, சனம் சிரிக்கப் போகிறது என்று நினைத்தேன். ஒரு அடி முன்னால் வைத்தேன். வில்லன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். எனக்குப் பறப்பதுபோல் இருந்தது.

திரை விழுந்ததும் சண்டை தொடங்கிவிட்டது. "நான் சொன்ன பாரமான சாமான்தான் வாங்கியிருக்கிறா. நடையிலயே தெரிஞ்சுது" என்றார் அண்ணை.

"விசர்க் கதை கதையாதேங்கோ. நான் பக்கத்தில நிண்டனான், பிடியைக் கண்ணால கண்டனான். ஆறு வெடிச் சாமான்தான்" என்றார் பஸ் ஓட்டுபவர். "நான் சும்மா கையைத் தூக்குவனோ?"

அவர்களை ஆசைதீரச் சண்டை பிடிக்க விட்டேன். பிறகு உறையைத் திறந்து, தாளைப் பிரித்து, ரோல்ஸை எடுத்துப் பாதியைப் பிய்த்து வில்லனிடம் கொடுத்தேன். அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டார். வில்லன் மென்றுவிட்டு, "உறைப்புக் காணாது" என்றார்.

அப்போது அக்கா தேநீர்த் தட்டோடு வந்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"பிள்ளை, நீ இடுப்பில கை வைச்ச உடன நான் காதைப் பொத்திப்போட்டன். சனம் கைதட்டினாப் பிறகுதான் கையை எடுத்தனான். நீ என்ன சொன்னனீ எண்டே கேக்கேல்லை. ஒருக்கால் சொல்லன்."

மிச்சப் பாதி ரோல்ஸை அவரை நோக்கி நீட்டி, "கையைத் தூக்கு" என்றேன்.

அக்கா சிரித்துக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கினார். காதைத் தாண்டி, தலைக்கு மேலே.