மேலும் கீழும் ஓடிய நகம்

இடது கை குழாயைப் பிடித்திருந்தது. வலது கையின் கட்டைவிரல் நகம் அதன் மேல் மெல்ல இறங்கி, அடி வரை போய், குழாயைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு மறுபடி மேலேறியது. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் கால்களில் ஒன்று அந்தக் குரோம் குழாய். அதில் கடுகளவு பள்ளம் இருந்தாலும் நகம் தட்டும். அப்படித் தட்டும் குழாய், எண்ணெயை அடைத்து நிற்கும் ரப்பர் சீலைக் கிழிக்கும், சீல் கிழிந்தால் உள்ளேயிருக்கும் எண்ணெய் வெளியே வந்துவிடும்.

நகம் தட்டவில்லை. இதே வண்டியில், மூன்றாவது தடவையாக, தட்டவில்லை.

"குழாய்ல ஒண்ணும் இல்ல" என்றார் மெக்கானிக். சொன்ன குரல் குழாயின் மேல் புகார் கொடுப்பதுபோல இருந்தது.

"ஒண்ணும் இல்லாமதான் மூணாவது தடவை வந்து நிக்குதா? உங்களப் பாக்காம இருக்க முடியலயாமா?" என்று முன்கடையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. முன்னறையில் அவள் உதிரிபாகம் விற்பாள், பின்னறையில் அவர் வேலை செய்வார். நடுவே ஒரு கதவு உண்டு. அதை மூடி அவள் பேச்சிலிருந்து தப்பிக்கலாம் என்ற நம்பிக்கையில் கல்யாணமான புதிதில் அவரே செய்து மாட்டியது. இதுவரை மூடியதில்லை.

அவரை எல்லோரும் 'ஒருதுளி' என்பார்கள். ஒரு துளி கசிந்தாலும் வண்டியைக் கொடுக்கமாட்டார் என்பதால் வந்த பெயர். வேலை முடிந்த வண்டியின் முன்சக்கரத்துக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து ஓர் இரவு நிறுத்திவைப்பார். காலையில் கறை இல்லாவிட்டால்தான் சாவி. "பேப்பர்ல நியூஸத் தவிர மத்ததெல்லாம் படிக்கிற ஒரே ஆளு" என்பாள் மனைவி.

ஃபோர்க் வேலைக்கு அவரைக் கொண்டுவந்தது ஓர் அவமானம். இருபது வயதில் அண்ணனின் வண்டியைத் தானே பிரித்து, சீலைத் தலைகீழாக மாட்டிக் கொடுத்தார். அண்ணன் அதில்தான் நேர்முகத் தேர்வுக்குப் போனார். போய்ச் சேரும்போது இரண்டு முழங்கால்களும் எண்ணெய். பார்த்தவர்கள், பையன் கைவேலைக்கு அஞ்சாதவன் என்று நினைத்து வேலையைக் கொடுத்துவிட்டார்கள். அந்த வேலையிலேயே ஓய்வும் பெற்றுவிட்ட அண்ணன் இன்றுவரை தம்பிக்கு நன்றி சொன்னதில்லை. பேண்ட்டைப் பற்றி மட்டும் அவ்வப்போது கேட்பார்.

அதற்குப் பிறகு காயலான் கடையிலிருந்து உடைந்த ஃபோர்க்குகளை வாங்கி வந்து, பிரித்தும் மாட்டியும் தானாகவே கற்றுக்கொண்டார். யாரும் சொல்லித் தரவில்லை. புது சீலை ஏற்றுமுன் குழாயின் விளிம்பில் எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றவேண்டும், இல்லையென்றால் விளிம்பே சீலின் உதட்டைக் கீறிவிடும் என்பதை ஒன்பது சீல்களைக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டார். இரண்டு கால்களுக்கும் ஒரே அளவு எண்ணெய் ஊற்ற, குனிந்து, கண்ணை அளவுக்குடுவையின் கோட்டுக்கு நேராக வைத்து இரண்டு தடவை பார்ப்பார். நகத்தை ஓட்டிப் பார்ப்பது மட்டும் அவர் கண்டுபிடித்ததல்ல. கொஞ்ச நாள் வேலை செய்த பட்டறையில் எல்லோரும் செய்தார்கள், அவரும் செய்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. முப்பது வருடம்.

இப்போது மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள் வண்டிக்காரி. ஆஸ்பத்திரி நர்ஸ். படுக்கையோடு கிடக்கும் நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் ஊசி போடுவதும் கட்டு மாற்றுவதும் அவள் வேலை. தினம் பதினோரு வீடு. முதல் தடவை இடது கால் கசிந்தது, மாற்றினார். ஐந்து வாரத்தில் திரும்பி வந்தது. இரண்டு கால்களுக்கும் மாற்றினார். மூன்றே வாரம். இந்த முறை எண்ணெய் பிரேக் டிஸ்க் வரை இறங்கிவிட்டிருந்தது.

"நேத்து பிரேக் பிடிச்சேன் அண்ணா. வண்டி கேக்கவே இல்ல. ஒரு வீட்டு கேட் நின்னுது, அதனால நானும் நின்னேன்."

"பள்ளத்துல ஏதாவது வேகமா இறக்கினீங்களா, சிஸ்டர்?"

"பள்ளத்துல இறக்காம? ரோடுன்னு அங்க தனியா ஒண்ணு இருக்கா?"

அவர் சீல் போலியாக இருக்குமோ என்று முன்கடைப் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு உள்ளிருந்து உடனே பதில் வந்தது: "என் கடை சீலப் பத்தி வாயத் திறந்தீங்க, பாத்துக்குங்க."

நர்ஸ் எழுந்தாள். "எனக்கு இன்னிக்கு ஒரு நாள்தான் லீவு. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு நான் கிளம்பலன்னா என்னோட வீடுகள வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க, சொல்லிட்டாங்க. அதான் கேக்குறேன். இது நிக்குமா, நிக்காதா?"

பொய் சொல்லத் தெரியாதவர்கள் செய்வதையே அவரும் செய்தார். குழாயை எடுத்து மறுபடி நகத்தை ஓட்டினார். மேலும் கீழும்.

"அண்ணா, ஏன் நீளவாக்குலயே தடவுறீங்க?"

"வேற எப்படித் தடவுறது?"

"நரம்பு தேடும்போது நாங்க நீளவாக்குல தடவமாட்டோம். விரல் நரம்பு மேலயே போயிடும், ஒண்ணும் தெரியாது. குறுக்க தடவணும்." கேட்காமலே குழாயை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியைப் பக்கவாட்டில் நகர்த்தினாள். "இங்க வரி வரியா இருக்கே."

"அது உங்க கைதான் சிஸ்டர். டெட்டால்ல கழுவிக் கழுவி சொரசொரன்னு ஆகியிருக்கும்."

மனைவி வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தானும் குறுக்கே தடவிப் பார்த்தாள். "இருக்கு" என்றாள். அவள் ஒரே சொல்லில் பேச்சை முடிப்பது அபூர்வம். அதனால் அவர் பயந்துபோனார்.

குழாயை ஜன்னலுக்குக் கொண்டுபோய், வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்தார். சீப்பால் வாரிய தலைமுடிபோல, மேலிருந்து கீழே நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். நகமும் அவற்றோடு நீளவாக்கில் ஓடியதால் ஒன்றிலும் தட்டவில்லை. ஒவ்வொரு கோடும் ஒரு வாய்க்கால். சீலுக்கு அடியில் நுழைந்து எண்ணெய் சாவகாசமாக வெளியே வருவதற்கு இதைவிட நல்ல வழியை யாரும் போட்டுத் தரமுடியாது.

"இதை யாரோ தேய்ச்சிருக்காங்க" என்றார்.

நர்ஸின் முகம் மாறியது. தன் வீட்டுக்காரருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். நிதானமான குரல்.

"ஆமா, தினமும் காலைல நான்தான் தேய்க்கிறேன். மெக்கானிக் அண்ணன்தான் முதல் தடவையே சொன்னாரே, குழாய தினமும் நல்லா சுத்தம் பண்ணணும், பளபளன்னு இருக்கணும்னு."

"எதால சார் தேய்ச்சீங்க?"

"பாத்திரம் தேய்க்கிற கம்பிநார்ல. புதுசுதாங்க! பழசால தேய்ப்பேனா?"

"எப்படி?"

"மேலேருந்து கீழ. காலுக்கு நூறு தடவ."

"நூறா? எதுக்கு சார் நூறு?"

"'நல்லா'ன்னீங்க. கணக்கு சொல்லல. அதான் குறைவா இருக்கவேண்டாம்னு."

 துடைக்கச் சொன்னது ஒருதுளிதான். எதால் துடைப்பது என்று சொல்லாததும் அவர்தான். முப்பது வருடமாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். யாரும் சொன்னபடி செய்ததில்லை, அதனால் யாருக்கும் ஆபத்து வந்ததில்லை.

"நீங்க சொன்னத அப்படியே செஞ்ச ஒரே மனுஷன்" என்றாள் மனைவி. "அவரப் போய்த் திட்டிடாதீங்க."

புதுக் குழாய் அவள் கடையில் இல்லை. வரவழைக்க நான்கு நாள் ஆகும். அதுவரை வண்டி ஓடவேண்டும். அவர் மிக நைஸான வாட்டர் பேப்பர் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, குழாயைச் சுற்றிப் பிடித்து, குறுக்கே மட்டும் திருக ஆரம்பித்தார். குறுக்கே விழும் கோடு எண்ணெயைப் பிடித்துவைக்கும், வழிய விடாது. கொஞ்சம் தேய்ப்பார், துடைப்பார், குறுக்கே விரலை நகர்த்திப் பார்ப்பார். விரல் இந்த வேலைக்குப் புதிது. கூச்சத்தோடு நகர்ந்தது. சாயங்காலம் வரை இரண்டு கால்களுக்கும் இதே வேலை நடந்தது. பிறகு புது சீல்கள், எண்ணெய், ஊறிப்போன பிரேக் பேடுக்கு மாற்று, டிஸ்க்கை ஒன்றுக்கு நான்கு தடவை கழுவல். இருட்டுமுன் செய்தித்தாளை விரித்து வண்டியை நிறுத்தினார். இந்த வேலைக்குக் கூலி கேட்கும் எண்ணம் அவருக்கு இல்லை. கேட்டால் என்ன நடக்கும் என்பதை மனைவியின் முகம் முன்கூட்டியே சொல்லியிருந்தது.

காலை ஆறரைக்கு நர்ஸும் வீட்டுக்காரரும் வந்தபோது தாள் காய்ந்தே கிடந்தது. அவள் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதும் கொடுத்து வண்டியைப் பத்துப் பன்னிரண்டு தடவை அமுக்கினாள். பையிலிருந்து வெள்ளைப் பஞ்சை எடுத்து இரண்டு குழாய்களையும் சுற்றித் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"இது தற்காலிகம்தான், சிஸ்டர். கோடு முழுசாப் போகல. குழாய் வந்ததும் சொல்றேன், சாயங்காலம் விட்டீங்கன்னா காலைல ரெடியா இருக்கும். அதுவரைக்கும் தினமும் கிளம்புறதுக்கு முன்னாடி டிஸ்க்கப் பாத்துட்டுக் கிளம்புங்க. லேசா ஈரம் தெரிஞ்சாலும் ஓட்டாதீங்க, எனக்கு போன் பண்ணுங்க, நான் வரேன்."

பிறகு வீட்டுக்காரரைத் தனியாக அழைத்தார். "சார், பழைய பருத்தித் துணி. மெத்துன்னு இருக்கணும். பவுடர் கூடாது, நார் கூடாது. அழுத்தவே கூடாது. ஒரு தடவை துடைச்சா போதும்."

வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். "ஒரு தடவைன்னா, போறது மட்டுமா? போயிட்டு வர்றதும் சேத்தா?"

முன்கடையில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருதுளி சிரிக்கவில்லை. கேள்வியை நன்றாக யோசித்தார்.

"சுத்தி, சார். வளையல் போடுற மாதிரி சுத்தி ஒரு தடவை."

"'சுத்தி'" என்று சேர்த்து எழுதிக்கொண்டார் வீட்டுக்காரர்.

"முதல் வீட்ல ஏழேகாலுக்கு ஊசி அண்ணா" என்று நர்ஸ் மருந்துப் பையைத் தோளில் மாட்டினாள். ஒருதுளி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.