லாபாஸிலிருந்து குஸ்கோவுக்கு ஒரு மணி நேரம்

யாழ்ப்பாணத்தில் கல்லூரியொன்றில் பௌதிகம் கற்பித்தவன் நான். இப்போது நான் வாழும் மொன்றியலில் எங்கள் ஆட்கள் பயணச்சீட்டு வாங்குமுன் என்னிடம்தான் கேட்பார்கள். என் கணக்கை எவரும் திருத்தியதில்லை.

சென்ற கோடையில் பக்கத்து நகரான லவாலில் வசிக்கும் நண்பர் சிவஞானம் தொலைபேசியில் அழைத்தார். மகனுடன் தென்னமெரிக்கா பார்க்கப் புறப்படவிருந்தார்.

“மாஸ்டர், லாபாஸில இருந்து குஸ்கோவுக்குப் பறக்க எவ்வளவு நேரம்?”

“ஐந்நூறு கிலோமீற்றர் மட்டில வரும். ஒரு மணித்தியாலம். கண் மூடித் திறக்க இறங்கீடுவீர்.”

“அப்ப பயமில்லை,” என்றார்.

மறுநாள் கோயிலில் அவர் மனைவி எனக்கு நன்றி சொன்னார். “போன வருசம்தானே இவருக்கு நெஞ்சில ஒப்பரேசன். டொக்டரைக் கேப்பம் எண்டன். ‘மாஸ்டரே ஒரு மணித்தியாலம்தான் எண்டிட்டார், பிறகென்ன டொக்டர்’ எண்டு என்னைப் பேசிப்போட்டார்.”

கையிலிருந்த பிரசாதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவ்விரு விமான நிலையங்களும் மிக உயரமான மலைப்பகுதியில் இருப்பவை. விமானத்துக்குள் காற்றழுத்தத்தைச் சீராக வைத்திருப்பார்கள். மூச்சு முட்டுவது இறங்கிய பிறகுதான். இதெல்லாம் நான் கற்பித்த பாடம். ஆனால் அவர் எதற்காகக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை.

அன்றே மெற்றோ ஏறி லவாலுக்குப் போனேன்.

“ஐசே, உம்மட நெஞ்சு அந்த உயரம் தாங்குமோ எண்டு எனக்குத் தெரியாது. டொக்டரைக் கேளும்.”

அவர் சிரித்தார். “மாஸ்டருக்கும் தெரியாத ஒண்டு இருக்கோ?”

மருத்துவர் பயணமே வேண்டாமென்றார். தெரியாது என்று நான் ஒருவரிடம் சொன்னது அதுவே முதல் தடவை. அஞ்சிய அளவுக்கு அது கசக்கவில்லை.

நான் நேரத்தைப் பிழையாகக் கணித்ததால்தான் பயணம் நின்றது என்று கோயிலில் கதைக்கிறார்கள். அது உண்மையன்று. ஒரு மணி நேரம்தான்.